பதினொரு மில்லி

மேட்டூர் திறந்து பதினெட்டாம் நாள்
முள்ளியாற்றில் தண்ணீர் தலைகாட்டியது.
பாலத்தில் நின்று நெல்லும் பூவும் தூவினார்களாம்.
நான் பார்க்கவில்லை.
திருத்துறைப்பூண்டி ரயில் பாதைக்குக் கீழே
ஏழு மீட்டர் ஆழத்தில்
லெவல் கருவியின் குமிழி நடுவுக்கு வரக் காத்திருந்தேன்.

குனிந்தே நடக்கவேண்டிய சுரங்கம்.
என்றோ ஒருநாள் ஊரின் சாக்கடை இதில் ஓடும்.
இப்போதைக்கு நாங்கள் ஓடுகிறோம்,
ஸ்டாஃப் பிடிக்கும் மரியசூசை,
டார்ச் பிடிக்கும் பீகார்ப் பையன்,
முழங்கால் வீங்கிய நான்.

போன வாரம் தரை நான்கு மில்லி உயர்ந்திருந்தது.
இந்த வாரம் பதினொன்று.

"சுரங்கத்துல தரை இறங்கும், கூரை இறங்கும்.
தரை ஏறுமாம்மா?" என்றார் ஏ.இ. ஞானவரோதயன்.
கருவியைத் துடைக்கச் சொன்னார்.
துடைத்தேன்.
பாலத்துச் சுவரின் பெஞ்ச் மார்க்கிலிருந்து
மறுபடி ஆரம்பித்து மூன்று முறை இறங்கினேன்.
மூன்று முறையும் பதினொன்று.
சாயங்காலம் மெமோ வந்தது:
சர்வேயர் கோ. மங்கையர்க்கரசி
அளவுப் பிழைக்கு விளக்கம் தரவும்.

அன்றிரவே ஒரு வாளிக் களிமண்ணோடு
கும்பகோணம் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

லேபில் நூர்ஜகான்
மண் ஊறிய நீரைச் சோதனைக் குழாயில் வடித்து
பேரியம் குளோரைடு நாலு சொட்டு விட்டாள்.
திரிந்த பால்போல் வெள்ளை இறங்கியது.
"சல்பேட். கொஞ்சநஞ்சம் இல்லடி."
இன்னொரு துண்டைப் பித்தளை வளையத்தில் அமுக்கி
எடை வைத்து, தண்ணீர் ஊற்றினாள்.
டயலின் முள்
பார்க்கும்போது நின்றது.
டீ குடித்துவிட்டு வந்தால் நகர்ந்திருந்தது.

"சுண்ணாம்பு கிண்ணாம்பு போட்டீங்களா?"
"சகதி இறுகட்டும்னு மூணு லோடு."
அவள் கண்ணாடியைக் கழற்றி
சேலைத் தலைப்பில் வெகுநேரம் துடைத்தாள்.
"வெத்தலைக்குத் தடவுற மாதிரி நெனச்சிட்டாங்க."

கடல் விலகியபோது களியில் விட்டுப்போன உப்பு ஒரு பங்கு.
நாங்கள் கொட்டிய சுண்ணாம்பு ஒரு பங்கு.
தண்ணீர் மட்டும் பாக்கி இருந்தது.
அதையும்தான் ஊரே கும்பிட்டுக் கேட்டதே.
இனி உள்ளே படிகம் வளரும்,
மயிரைவிட மெல்லிய ஊசி ஊசியாக,
ஒவ்வொன்றும் பக்கத்து ஊசியைத் தள்ளிக்கொண்டு.
அதற்கு மேலே போகும் ரயில் பாரமில்லை,
கான்கிரீட் ஒரு பொருட்டில்லை.

மரியசூசையிடம் சொன்னேன்.
அவன் ஆச்சரியப்படவில்லை.
"சித்திரையில எங்க கொல்லை வெடிப்புல
முழங்கால் வரைக்கும் போகும்.
ஆடியில வெடிப்பத் தேடிப் பாருங்க.
ஊசி கீசி எனக்குத் தெரியாது.
இந்த மண்ணு தண்ணியக் கண்டா சும்மா இருக்காது.
உங்க சாரு இந்தப் பக்கம் இல்லையோ?"

சார் கோயமுத்தூர்ப் பக்கம்.

விளக்கக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.
ஐந்தாவதில் இரண்டே வரி:
கருவி சரியாக இருக்கிறது.
தரைதான் இல்லை.
நூர்ஜகானின் தாளைக் குண்டூசியில் கோத்தேன்.

பதில் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள்.
போட்ட தளத்தை உடைத்து வெள்ளை மண்ணை அள்ளி
வட்டமாக, ஆழமாகப் புதுத் தளம் போடுவார்களாம்.
அடியில் ஒரு சாண் இடம் விடுவார்களாம்
களி விம்மிக்கொள்ள.
ஒரு சாண் போதுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இன்று காலை மேலே ஆற்றங்கரையில் சத்தம்.
மதகைத் திறந்தும் கடைமடைக்கு எட்டவில்லை,
வந்த தண்ணீர் விதைப்புக்கே பத்தாது என்று
மறியல்.
ஏணியில் இறங்கும்போது காதில் விழுந்தது.

கீழே காரைக்குடி வண்டி கடக்கும்வரை பொறுத்தேன்.
ஸ்டாஃப் நடுங்கி ஓய்ந்தது.
குமிழி தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்தது.

பத்தொன்பது.

பேனா மை ஈரத்தில் பரவியது.
பக்கத்திலேயே இன்னொரு தரம் எழுதினேன்.